குளிர் ஆகாத பூ

அந்த அக்காவை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு சண்டைக்கு நடுவில்.

றொசல்ல ஸ்டேசனுக்குக் கீழே, தேயிலைச் சரிவு முடிந்து ஓடை தொடங்கும் இடத்தில் அவருடைய லயம், தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். ஹட்டனிலிருந்து நுவரெலியா ஹோட்டல்களுக்குச் சாமான் ஏற்றுகிற சின்ன லொறி ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. ஒரு ஹோட்டலில் சிவப்பு இஞ்சிப்பூ கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். றொசல்லப் பக்கம் கொழுந்தெடுக்கிற பெண் ஒருவர் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு, வழி விசாரித்துக்கொண்டு காலையிலேயே போய்ச் சேர்ந்தேன். போனால் லயமே ஓடைக்கரையில் கூடி நிற்கிறது. விடியும் நேரத்தில் யாருடைய மாடோ கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து இஞ்சிப் புதர்களுக்குள் புகுந்து துவம்சம் செய்துவிட்டுப் போயிருந்தது. மேல் வீட்டு மாடு என்றார் ஒருவர். அடுத்த லயத்து மாடு என்றார் இன்னொருவர். குரல்கள் ஏறிக்கொண்டே போயின.

பூவுக்குச் சொந்தக்காரர் மட்டும் பேசவில்லை. கணுக்கால் புதையும் சேற்றில் நின்றுகொண்டு, ஒடிந்த தண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அடியைக் கத்தியால் சாய்வாகச் சீவி, வாளித் தண்ணீரில் நிறுத்திக்கொண்டிருந்தார்.

"யாரு மாடுன்னு கேளுங்களேன் அக்கா. இப்படி வாயை மூடிக்கிட்டு இருந்தா நாளைக்கு மறுபடியும் வரும்," என்றாள் ஒருத்தி.

"மாடு எங்க ஓடிறப் போவுது? பூவுதான் போயிரும். அந்த வாளிய நெரப்பிக் குடு," என்றார் அவர், தலை நிமிராமல். பிறகு என்னைக் கவனித்தார். யார், எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை. "தம்பி, சும்மாதானே நிக்கிறீங்க? அந்தப் பக்கம் ரெண்டு தண்டு கெடக்குது பாருங்க. தலையப் புடிச்சித் தூக்காதீங்க, நடுவுல புடிங்க."

அன்றைக்கு நான் ஏற்றிப்போனது மாடு ஒடித்த பூக்களைத்தான். தண்டு கட்டையாகிவிட்டது, உயரமான ஜாடிக்கு ஆகாது, சாப்பாட்டு மேசைக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஒரு வாரத்துக்கு மேல் வாடாமல் நின்றதாம். ஹோட்டலில் வாரத்துக்கு இரண்டு தடவை கேட்க ஆரம்பித்தார்கள். அப்படித்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது.

இஞ்சிப்பூ என்றதும் சமையல் இஞ்சியை நினைத்துவிடக் கூடாது. அதற்கு இது ஒருவகையில் சொந்தம், அவ்வளவுதான். ஆளுயரத்துக்கு வளரும். நீள நீளமான இலை. தண்டின் நுனியில் சோளக்கதிர் அளவுக்குச் சிவப்புச் செதில்கள் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். நான் அந்தச் செதில்களை இதழ் என்று சொல்லப்போக, அக்கா திருத்தினார்.

"அது பூவு இல்லைங்க தம்பி. சந்துல வெள்ளையா சின்னதா எட்டிப் பாக்குது பாருங்க, அதுதான் பூவு. செவப்பெல்லாம் அதோட வீடு. ஆளுங்க என்னவோ வீட்டத்தான் பாக்க வர்றாங்க."

தோட்டத்துப் பங்களாவில் பூந்தோட்டத்தைப் புதுசாகத் திருத்தியபோது பழைய இஞ்சிக் கிழங்குகளைத் தோண்டி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் எறிந்திருக்கிறார்கள். அன்றைக்கு மாலை கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறும் கூடையில் அந்தக் கிழங்குகளை அள்ளி வந்தவர் இவர். ஓடையோரம் யாருக்கும் ஆகாத ஈரநிலத்தில் ஊன்றினார். இரண்டு வருடத்தில் கரை சிவந்துவிட்டது. பிறகு கேட்டவர்களுக்கெல்லாம் கிழங்கு கொடுத்தார். நான் போய்ச் சேர்ந்த காலத்தில் அந்த லயத்தில் ஆறு வீட்டுக்காரர்கள் பூ வளர்த்தார்கள். வளர்ப்பதில் பெரிய வேலை இல்லை, மழையும் ஈரமும் பார்த்துக்கொள்ளும். வெட்டிய பிறகுதான் வேலை. அது அக்காவின் வேலை.

காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்குப் போவதற்கு முன்னால், வெயில் வருமுன்னே வெட்டிவிடுவார். முக்கால்வாசி விரிந்ததைத்தான் வெட்டுவார். மொட்டாக வெட்டினால் அது மொட்டாகவே நின்றுவிடும், ரோஜா மாதிரி ஜாடியில் விரியாது. வெட்டியதும் மேலே ஒரே ஒரு இலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சீவிவிடுவார். நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்றை நெடுக்காகப் பிளந்து தொட்டியாக்கி வைத்திருந்தார். அதில் பூக்களைப் படுக்கவைத்து, தலையும் தண்டும் மூழ்க அரைமணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம் ஊறவிடுவார். செதில்களுக்குள் குடியிருக்கும் எறும்பெல்லாம் மிதந்து வெளியே வரும். இந்தப் பூ தண்டு வழியாகக் குடிப்பது கொஞ்சம்தான், தலை வழியாகவும் குடிக்கும் என்பது அவர் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகு ஈரப் பேப்பரில் தலையைச் சுற்றி, அடியை வாளியில் நிறுத்தித் தருவார். ஹோட்டல்காரர்களுக்கு என்னிடம் சொல்லி அனுப்புவதும் ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். தண்ணீரைத் தினம் மாற்றணும். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் அடியில் ஒரு விரல் அளவு சீவணும். தலைக்குத் தண்ணி தெளிக்கணும். குளிரில் வைக்கக் கூடாது.

"நேரமாவுதுக்கா, எடுத்துக் குடுங்க," என்று நான் லொறியில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன்.

"ஏன் தம்பி, நீங்க டீ குடிக்காம வண்டிய எடுப்பீங்களா? அதுவும் குடிச்சிட்டு வரட்டும்."

எந்த அவசரத்திலும் அவர் முதலில் செய்ய வேண்டியதைத்தான் முதலில் செய்வார். அதைச் செய்கிறபோது உலகமே சுற்றி நின்று கத்தினாலும் அவர் காதில் ஏறாது. இதை நான் நன்றாகப் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

நான் லொறியை நிறுத்தி இறங்குகிறேன், லயத்துக்குள்ளிருந்து கூச்சல். மூன்று வயதுப் பெண்குழந்தை ஒன்று தரையில் வைத்திருந்த கேத்தலை இழுத்து, கொதிதண்ணீர் அத்தனையும் இடது கையில் கொட்டிவிட்டது. தகப்பன் தாயை அடிக்கக் கை ஓங்குகிறான். "கேத்தலக் கொண்டாந்து கீழ வெச்சது யாரு?" என்று மாமியார் மார்பில் அடித்துக்கொள்கிறார். தாய் நடுங்கி நிற்கிறாள். யாரோ பற்பசையைப் பிதுக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். அக்கா எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை. குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு நேராகப் பீலிக்கரைக்குப் போனார். மலையிலிருந்து குழாயில் இறங்கிவரும் தண்ணீரில் அந்தச் சின்னக் கையைக் காட்டியபடி உட்கார்ந்துவிட்டார். பற்பசைக்காரியைத் தோளால் தள்ளினார்.

"அக்கா, லொறி இருக்குது, ஏறுங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிரலாம்," என்று நான் பதறினேன்.

"இருங்க தம்பி. இன்னும் சூடு எறங்கல."

"கேத்தல வெச்சது யாருன்னு கேளுங்க அவகிட்ட!" என்று தகப்பன் பின்னாலிருந்து கத்தினான்.

"சண்டைய அப்படியே வெச்சிருங்க. நான் வந்து கேக்குறேன்," என்றார் அவர், குழந்தையின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இருபது நிமிடம் இருக்கும். பிறகுதான் லொறியில் ஏறினார். வழியெல்லாம் ஈரத்துணி. ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டார். அந்தத் தண்ணீர்தான் தோலைக் காப்பாற்றியது என்றார். நான் அக்காவைக் காட்டினேன். அவர் அதைக் கேட்கவேயில்லை. குழந்தைக்குப் பால் எங்கே வாங்கலாம் என்று தாதியிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த அக்கா யாரையும் குற்றம் கேட்காதவர். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்யும் கணவர் பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வரமாட்டார். ஏன் என்று அக்கா கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. தப்புச் செய்தவர்களும் அவரிடம் நிம்மதியாக உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கே ஒரு நாள் தேவைப்படும் என்று அப்போது தெரியாது.

ஆவணி மாதம். அதே ஹோட்டலில் ஒரு பெரிய இடத்துக் கல்யாணம். மண்டபம் முழுக்கச் சிவப்பு இஞ்சிப்பூதான் வேண்டும் என்று மணப்பெண் சொல்லிவிட்டாளாம். நூற்றைம்பது தண்டு. ஆறு வீட்டுப் பூவையும் சேர்த்தால்தான் அவ்வளவு வரும். லயமே சந்தோஷத்தில் இருந்தது. முதல் நாள் காலையிலேயே வெட்டி, தொட்டியில் முறை வைத்து ஊறப்போட்டு, பதினைந்து வாளிகளில் நிறுத்தித் தந்தார்கள். அக்கா லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"தம்பி, அங்க கூல் ரூம்னு ஒண்ணு வெச்சிருப்பாங்க. அதுல மட்டும் வெச்சிறாதீங்க. இது சூட்டு நாட்டுப் பூவு. நம்ம றொசல்லக் குளிரையே கஷ்டப்பட்டுத்தான் தாங்குது. வெளிய எங்கயாவது, காத்தும் வெயிலும் படாத மூலையா பாத்து வைங்க."

"சரிக்கா, சரிக்கா," என்றேன்.

நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம். ஹோட்டலின் பின்பக்கம் நாற்காலி, பந்தல் சாமான், மின்விளக்குப் பெட்டி என்று கால் வைக்க இடமில்லை. எனக்கு அடுத்த ஏற்றம் தலவாக்கலையில் காத்திருந்தது. களஞ்சியத்தில் இருந்தவர், "பூவெல்லாம் கூல் ரூமிலதான்," என்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே ரோஜாவும் கார்னேசனும் வரிசையாக நின்றன. அவ்வளவு ரோஜா நிற்கிற இடத்தில் இஞ்சிப்பூவுக்கு என்ன வந்துவிடப் போகிறது, பூவுக்குக் குளிர் நல்லதுதானே என்று மனம் சொன்னது. அவசரத்தில் மனம் நமக்குப் பிடித்ததைத்தான் சொல்லும். பதினைந்து வாளியையும் உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆறரைக்குப் போன் வந்தது. ஹோட்டலில் பூ அலங்காரத்துக்குப் பொறுப்பான சிங்கள மேடம். பூவெல்லாம் கருகிப்போயிருக்கிறது, என்றைக்கோ வெட்டிய பழைய பூவை ஏமாற்றி அனுப்பிவிட்டீர்களா, மாலை நான்கு மணிக்குக் கல்யாணம், அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு இப்போதே வா என்றார். உடனே லொறியை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

அக்கா அப்போது பெரட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கூல் ரூமைச் சொல்லவில்லை. அவர் கூடையை இறக்கி வைத்தார், கத்தியை எடுத்தார், ஒரு பையில் பழைய துணிகளைத் திணித்தார், லொறியில் ஏறினார். ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா என்று மழையில் ஏறிப் போகிறோம். என்ன நடந்தது என்று கேட்பார், கேட்பார் என்று நான் ஒவ்வொரு வளைவிலும் எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அங்க வெதுவெதுன்னு தண்ணி கெடைக்குமா தம்பி?"

நானுஓயா தாண்டியதும் சட்டென்று, "கொஞ்சம் நிறுத்துங்க," என்றார். ரோட்டோரச் சரிவில், காட்டு ஓரத்தில், மஞ்சள் நிறத்தில் பூக்கள் கொத்துக் கொத்தாக நின்றன. நான் ஆயிரம் தடவை கடந்துபோன இடம். காட்டு இஞ்சி. களை மாதிரிப் பரவி மற்றச் செடியை வளரவிடாது என்று அரசாங்க ஆட்களே வெட்டி எறிவார்கள். வாசனை லொறிக்குள் வரை வந்தது. அவர் கண்ணாடியை இறக்கி நன்றாகப் பார்த்துவிட்டு, "சரி, போங்க. தேவைப்பட்டா வருவோம்," என்றார்.

ஹோட்டலின் பின் நடையில் வாளிகளை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. நேற்று ரத்தச் சிவப்பாக இருந்த செதில்கள் தீயில் காட்டியதுபோல் கறுத்து, ஓரம் சுருங்கிக் கிடந்தன. மேடம் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அக்காவுக்குச் சிங்களம் நன்றாகப் புரியும், பேசினால் நிதானமாகப் பேசுவார். "மேடம், திட்டுறதப் பொறகு திட்டுங்க. இப்ப எனக்கு ரெண்டு பெரிய தொட்டியும் வெந்நீரும் குடுங்க," என்று சிங்களத்திலேயே சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

ஒரு பூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். சுற்றியிருந்த பேப்பரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு வேலை தொடங்கியது. அடியிலிருந்து கறுத்த செதில்களை ஒவ்வொன்றாக உரித்தார். இரண்டு சுற்று, மூன்று சுற்று உரித்ததும் உள்ளே சிவப்பு இருந்தது. பூ பாதியாகச் சிறுத்தது, ஆனால் பூவாக இருந்தது. சிலவற்றில் உள்ளேயும் கறுப்பு. அதை ஒரு பக்கம் போட்டார்.

"கறுத்தது திரும்பாது தம்பி. மிச்சம் இருக்கறதப் பாப்போம். நீங்களும் உக்காருங்க."

உட்கார்ந்தேன். மேடமும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுச் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். பதினொரு மணிக்குள் எண்பது, தொண்ணூறு பூ தேறியது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டார். அளவு சின்னது, எண்ணிக்கையும் போதாது. "இப்ப அந்த மஞ்சளுக்குப் போவோம்," என்றார்.

ஹோட்டல் தோட்டக்காரர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு நானுஓயா சரிவுக்குத் திரும்பிப் போனோம். கொட்டும் மழையில் அட்டைக் கடியோடு மஞ்சள் இஞ்சிப்பூவை வெட்டி லொறியை நிரப்பினோம். ஒரு தோட்டக்காரர், இது நாளைக்கே வாடிவிடுமே என்றார்.

"ஒரு நாள் பூவுதான். கல்யாணமும் ஒரு நாள்தானே," என்றார் அக்கா.

நான்கு மணிக்கு மண்டபத்தைப் பார்த்தேன். இஞ்சியின் நீள இலைகளை விசிறியாக விரித்து, நடுவில் மஞ்சள் கொத்து, அதற்குள் சின்னச் சின்னதாய்ச் சிவப்பு. மண்டபம் முழுக்க வாசனை. மணப்பெண் வாசலிலேயே நின்று வாயில் கை வைத்துக்கொண்டாள். தான் கேட்டதைவிட அழகாக இருக்கிறது என்று மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. ஆனால் கல்யாண ஆட்கள் போன பிறகு மேடம் எங்களைக் கூப்பிட்டார். இன்றைக்குக் காப்பாற்றிக் கொடுத்தாய், அதற்கு நன்றி என்றார். ஆனால் பழைய பூவை அனுப்பியவர்களை இனி நம்ப முடியாது, இனிமேல் பூ வேண்டாம் என்றும் சொன்னார். அக்கா, அது முதல் நாள் வெட்டிய பூ என்றார். மேடம் தலையசைத்து மறுத்தார். கூல் ரூமைப் பற்றி அவரிடம் மூச்சுவிடாத களஞ்சியக்காரர் அந்தப் பக்கமே வரவில்லை. நான் அங்கேதான் நின்றேன். வாயைத் திறந்தால் போதும். ஹோட்டல் ஏற்றம் போய்விடும் என்ற பயம், அக்காவின் முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற வெட்கம், இரண்டும் சேர்ந்து நாக்கைக் கட்டிவிட்டன. அக்கா திரும்பி என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு, "சரிங்க மேடம்," என்று பையை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஆறு வீட்டுப் பூவுக்கும் போக்கிடம் இல்லை. ஹட்டனில் ஒன்றிரண்டு கடைக்காரர்கள் எப்போதாவது கேட்பார்கள், நான் கொண்டுபோய்க் கொடுப்பேன். மிச்சம் ஓடைக்கரையிலேயே பூத்துக் கறுத்து உதிர்ந்தது. இரண்டு வீட்டுக்காரர்கள் புதரை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டார்கள். "பழைய பூவ அனுப்பிட்டாங்கன்னு பேரு வந்திருச்சு, இனி யாரு வாங்குவா," என்று என் காதுபடவே பேசிக்கொண்டார்கள். நான் போகும்போதெல்லாம் அக்கா டீ கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காதவர் என்றுதான் எனக்கு முன்பே தெரியுமே என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆனால் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

ஏழு மாதம் போனது. பங்குனியில் ஒரு காலை, யாரோ கேட்ட பத்துப் பூவுக்காகப் போயிருந்தேன். பூ தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. எறும்புகள் தண்ணீரில் மிதந்து ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தன. அக்கா ஒரு ஈர்க்குச்சியால் அவற்றைக் கரையேற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றவன் சொல்லிவிட்டேன்.

"அக்கா, அன்னைக்குக் கூல் ரூம்ல வெச்சது நான்தான்."

"தெரியும் தம்பி."

"தெரியுமா?"

"பூவுல ரோஜா வாசம் அடிச்சுது. பேப்பரு ஐசு மாதிரி இருந்துச்சு. வேற எங்க வெச்சா அப்படி ஆகும்?"

"அப்பவே தெரிஞ்சுமா அக்கா ஒண்ணுமே கேக்கல?"

"அப்பக் கேட்டிருந்தா நீங்க கையக் கட்டிக்கிட்டு அழுவீங்க. பூவ யாரு உரிக்கிறது?"

"அதுக்குப் பொறகு கேட்டிருக்கலாமே. நீங்கதான் யாரையும் எதுவும் கேக்க மாட்டீங்களே."

அவர் குச்சியைக் கீழே வைத்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன்.

"யாரு சொன்னா நான் கேக்க மாட்டேன்னு? மாட்டுக்காரர்கிட்ட மறுநாளே போயிக் கேட்டேன். இந்த வேலிய அவருதான் போட்டுக் குடுத்தாரு. கேத்தலக் கீழ வெச்ச வீட்டுல போயி, பொண்டாட்டிய அடிக்கக் கை ஓங்கினியே, அடுப்புக்கு ஒரு மேடை கட்டிக் குடுத்தியான்னு அவனக் கேட்டேன். இப்ப மேடை இருக்குது, போயிப் பாருங்க. எம் புருசன்கிட்ட கேக்கறதெல்லாம் உங்களக் கூட்டி வெச்சிக்கிட்டா கேப்பேன்? தண்ணிக்குத் தவிக்கிற நேரத்துல கேக்க மாட்டேன். அவ்வளவுதான்."

"அப்ப என்னைய ஏன்..."

"மாட்டுக்காரருக்குத் தெரியாது, கேட்டேன். அவனுக்குப் புரியல, கேட்டேன். உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே தம்பி. உங்ககிட்ட நான் என்னத்தக் கேக்கறது? நீங்களா சொல்லுவீங்கன்னு ஏழு மாசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

உள்ளேயிருந்து அவருடைய மகள் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்துகொண்டாள். அவள் அப்போது ஆசிரியர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது வலப்பனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். அக்காவும் அவளோடுதான் இருக்கிறார். லயத்தை விட்டுப் போகும்போது நான்கு கிழங்கு மட்டும் கொண்டுபோனார், மற்றதையெல்லாம் லயத்துக்காரர்களுக்கு விட்டுவிட்டார்.

"இப்ப நான் என்ன செய்யணும் அக்கா?" என்று கேட்டேன்.

"மேடத்துக்கிட்ட போயிச் சொல்லுங்க. நான் சொன்னா அது தப்பிக்கச் சொல்ற சாட்டு. நீங்க சொன்னாத்தான் ஆறு வீட்டுப் பேரும் திரும்பும்."

"இப்பவேவா?"

"பூவு இன்னும் பத்து நிமிசம் ஊறட்டும். அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கடைக்காரருக்கு நான் நாளைக்குக் குடுத்துக்கறேன்."

போனேன். மேடத்தின் அறையில் நின்றுகொண்டு சிங்களத்தில் சொன்னேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தும் பாதியில் வார்த்தை தட்டியது. நான் முடித்ததும் மேடம் களஞ்சியக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு மேடம் என்னிடம் சொன்னது எனக்கு வேண்டியதுதான். ஏழு மாதம் ஒரு பெண்ணின் பெயரைக் கெடுத்துவிட்டு வாரத்துக்கு இரண்டு தடவை என் முன்னால் வந்து நின்றாயா என்று கேட்டார். இனி உன் லொறி இந்தக் கேட்டுக்குள் வரக் கூடாது என்றார். பிறகு அக்காவின் போன் இலக்கத்தைக் கேட்டு வாங்கி, என் முன்னாலேயே அழைத்து, தெரிந்த கொஞ்சத் தமிழில் பேசினார்.

"அக்கா, நான் ஹோட்டல் மேடம். பிழை எங்கட. உங்கட இல்லை. பூ வேணும்."

மறுமுனையில் அக்கா என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மேடம் சிரித்ததைப் பார்த்தேன்.

லொறி போக முடியாததால் பூ ரயிலில் போக ஆரம்பித்தது. றொசல்லையில் ஏற்றி நானுஓயாவில் இறக்கினால் ஹோட்டல் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும். ஒரு மாதத்தில், வாரத்தில் மூன்று நாள் நீங்களே வந்து பூவைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மேடம் அக்காவைக் கேட்டுவிட்டார். மரவள்ளி நட்டவர்கள் மறுபடி கிழங்கு கேட்டு வந்தார்களாம். எனக்கு ஏற்றம் குறைந்துபோனது. ஆனால் அந்த வருடம்தான் நான் நன்றாகத் தூங்கினேன். லயத்துப் பக்கம் போகத்தான் கால் வரவில்லை.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை ஹட்டன் ஸ்டேசனில் பார்சல் இறக்கிக்கொண்டிருந்தேன். பதுளைப் பக்கம் போகிற ரயில் வந்து நின்றது. பெட்டிக் கதவோரம் ஐந்தாறு வாளிகள், ஈரப் பேப்பரில் தலை சுற்றிய பூக்கள், நடுவில் அக்கா. நான் ஒரு மூட்டைக்குப் பின்னால் நகரப் பார்த்தேன்.

"தம்பி! இங்க வாங்க. ரயிலு போயிரும், சீக்கிரம்!"

ஓடினேன்.

"ஹட்டன்ல புதுசா ஒரு கல்யாண மண்டபம் தொறந்திருக்காங்களாம். மாசத்துக்கு நாலு கல்யாணத்துக்குப் பூ கேக்குறாங்க. லயத்துலேர்ந்து மண்டபத்துக்கு வண்டி வேணும். உங்க லொறி சும்மாதானே இருக்குது?"

ரயில் ஊதியது.

"அக்கா, என்னைய நம்பியா பூவக் குடுக்கறீங்க?"

ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. அவர் ஒரு கையால் வாளியைப் பிடித்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டிச் சத்தமாகச் சொன்னார்.

"குளிர்ல வெக்கக் கூடாதுன்னு உங்களவிட நல்லாத் தெரிஞ்ச டிரைவரு இந்த மலையில யாரு இருக்கா? ஞாயித்துக்கெழம காலையில வந்திருங்க!"